தாய்லாந்து நீண்டகால விசாவும் பார்டர் ரன்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக் சிலோம் பக்கம் ரத்தினக் கல் வியாபாரம் பார்ப்பவர்கள், சியாங் மாயில் லேப்டாப்போடு உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை செய்பவர்கள், தாய்லாந்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் என எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகள் இவை. இந்திய பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு மாறும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

பார்டர் ரன் என்றால் என்ன செய்கிறார்கள்?

தங்குவதற்குக் கொடுத்த நாட்கள் முடியும் முன்பு பக்கத்து நாட்டு எல்லையைத் தாண்டி, அந்த நாட்டு முத்திரையை வாங்கிக்கொண்டு, மறுபடியும் தாய்லாந்துக்குள் நுழைந்து புதிதாக நாட்களை வாங்குகிறார்கள். அவ்வளவுதான். கையில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அரை நாள், ஒரு நாள் வேலை. விசாவே முடிந்துபோய் புதிதாக எடுக்கப் போவது வேறு கதை. அதற்கு நாட்கள் பிடிக்கும், காகிதங்களும் அதிகம்.

என் விசா ஒரு வருடம் செல்லும் என்று போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் 90 நாளில் வெளியே போகச் சொல்கிறார்கள்?

நூற்றுக்குத் தொண்ணூறு குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது இரண்டு தேதி. ஒன்று விசாவில் இருப்பது. அந்தத் தேதிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எல்லையில் வந்து நிற்கலாம் என்பதுதான் அதன் பொருள், அந்தத் தேதி வரை உள்ளேயே இருக்கலாம் என்பதல்ல. இன்னொன்று, உள்ளே வரும்போது இமிக்ரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையில் இருப்பது. நீங்கள் நாட்டுக்குள் இருக்கக்கூடிய கடைசி நாள் அது. உங்களைக் கட்டுப்படுத்துவது இந்த இரண்டாவது தேதிதான்.

மல்டிபிள் என்ட்ரி, அதாவது பல முறை நுழைய விடும் நான்-இமிக்ரன்ட் (சுற்றுலா அல்லாத) விசாவில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் 90 நாள் கொடுப்பார்கள். விசா ஒரு வருடத்துக்குச் செல்லும். ஆக 90 நாளுக்கு ஒரு முறை வெளியே போய் வருவது விதியைச் சுற்றி வளைப்பது ஆகாது. அந்த விசாவையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டவர் கவுன்ட்டரில் பயந்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று: 90 நாளும் மூன்று மாதமும் ஒன்றல்ல. நுழைந்த நாளே முதல் நாள். ஜூலை 1 உள்ளே வந்தவருக்கு செப்டம்பர் 28-தான் கடைசி, செப்டம்பர் 30 அல்ல. மனக்கணக்கு போடாமல் முத்திரையைப் பாருங்கள்.

எந்தெந்த விசாக்காரர்களுக்கு இது தேவைப்படும்?

நான்-ஓ (குடும்பம், ஓய்வுக்காலம் போன்றவற்றுக்கு), நான்-பி (தொழில், வேலைக்கு) போன்ற விசாக்களை மல்டிபிள் என்ட்ரியாக எடுத்தவர்களுக்கு 90 நாளுக்கு ஒரு முறை. மல்டிபிள் என்ட்ரி சுற்றுலா விசா எடுத்தவர்களுக்கு 60 நாளுக்கு ஒரு முறை. அந்த விசா ஆறு மாதம்தான் செல்லும்.

2024 ஜூலையில் அறிமுகமான டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா, அதாவது எல்லாரும் டிடிவி என்று சொல்வது, ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். வங்கியில் 5 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) இருப்பதாகக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான விசா இப்போதைக்குத் தாய்லாந்தில் இல்லை என்பது என் கருத்து. 180 நாளை உள்ளூர் இமிக்ரேஷன் அலுவலகத்திலேயே நீட்டிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் கேட்கும் காகிதங்களைப் பார்த்துவிட்டு, ஒரு எட்டு எல்லைக்குப் போய் வந்துவிடலாம் என்றுதான் பலரும் முடிவெடுக்கிறார்கள்.

விசாவே எடுக்கவில்லை. இந்தியர்களுக்குத் தரும் இலவச நுழைவிலேயே எல்லை தாண்டி எல்லை தாண்டி ஓட்டிவிட முடியாதா?

முடியும் என்று சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2024 ஜூலை 15-இல் இந்தியா உட்பட 93 நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்ததும், இதையே மாற்றி மாற்றிப் போட்டு வருடத்தை ஓட்டலாம் என்று நிறையப் பேர் கிளம்பினார்கள். ஆனால் விசா இல்லாமல் தரைவழியாக நுழைவது ஒரு காலண்டர் வருடத்தில் இரண்டு முறைதான் என்ற வரம்பு 2016 டிசம்பர் 31-லிருந்தே இருக்கிறது. விமான நிலையத்துக்கு அந்த எண்ணிக்கை இல்லாவிட்டாலும், அங்கேயும் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். 2025 நவம்பரில் குடிவரவுத் துறை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் இப்படிப் போய் வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று. இந்தச் சலுகை நாட்களையும் அரசு கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். குடும்பத்தைக் கூட்டி வந்து வாடகை வீடு பிடித்திருப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

நான் இங்கேயே ஒரு வருட நீட்டிப்பு வாங்கியிருக்கிறேன். நானும் 90 நாளுக்கு ஒரு முறை வெளியே போக வேண்டுமா?

வேண்டாம். தப்பித் தவறிக்கூட ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வாங்கிய நாட்களை இழக்காமல் திரும்பி வருவதற்கான அனுமதி, இல்லாமல் போய்விடாதீர்கள். உள்ளூர் இமிக்ரேஷன் அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி வாங்கிய நீட்டிப்பு, பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டிய நிமிடமே செத்துப்போகும். திரும்பி வரும்போது நீங்கள் வெறும் சுற்றுலாப் பயணி. ஒரு முறைக்கான பெர்மிட் 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். டி.எம்.8 படிவம். சர்வதேச விமான நிலையங்களிலும் கிடைக்கும் என்றாலும், தரைவழி போகிறவர்கள் ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது.

எந்த எல்லைக்குப் போவது?

வெள்ளைக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அவர்கள் பாஸ்போர்ட்டுக்குத் திறக்கும் கதவு நம் பாஸ்போர்ட்டுக்கு அப்படியே திறக்காது. நமக்கு எது சரி என்று பார்ப்போம்.

மலேசியா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இப்போது இதுதான் சுலபம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாத நுழைவு கொடுத்தார்கள். அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பிவிட்டால் போதும், செலவில்லை. ஹாட் யாய் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு வாசல்கள்: சாலை வழியாக சடாவ், ரயில் வழியாக பாடாங் பெசார். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மலேசியாவுக்கு முன்கூட்டியே இ-விசா எடுத்திருக்க வேண்டும். வாசலில் போய் நின்று பயனில்லை.

லாவோஸ். உடோன் தானி, கோன் கேன் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் கிட்டே. நோங் காயில் மேகாங் ஆற்றின் மேல் 1994-இல் திறந்த முதல் நட்புப் பாலம். நடந்து தாண்ட விடமாட்டார்கள். பாலத்தைக் கடக்கவே தனியாக ஒரு பஸ் ஓடுகிறது, அதில் ஏற வேண்டும். அக்கரையில் இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும். டாலர் நோட்டும் ஒரு போட்டோவும் கையில் இருக்கட்டும். தாய்லாந்து பாட் நோட்டாகக் கட்டினால் அவர்கள் சொல்லும் கணக்கு எப்போதும் கூடத்தான் இருக்கும். லாவோஸ் விசா ஒட்டினால் பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கம் போய்விடும். இரண்டு மூன்று முறை போனால் பக்கங்கள் காலியாவது தெரியும். வருடக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்போடியா. இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாங்காக்வாசிகள் விடிகாலையில் கிளம்பி அரண்யபிரதேட் வழியாக போய்பெட் போய், சாயங்காலம் வீடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. 2025 ஜூனில் எல்லை வாசல்களை மூடினார்கள். ஜூலை கடைசியில் இரண்டு நாட்டு ராணுவமும் ஐந்து நாள் பீரங்கியால் அடித்துக்கொண்டன. டிசம்பரில் மறுபடியும் சண்டை. இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

மியன்மார். மே சாய், ரானோங் என்று பழைய பெயர்கள் கேட்பீர்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்தப் பக்கம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அந்த வாரத்து நிலவரம். மே சோட் பக்கம் போகவே போகாதீர்கள் என்பேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது மியாவடி. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போன தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-இல் மோசடிக் கும்பல்கள் அடைத்து வைத்திருந்த ஊர் அது. "பார்டர் ரன்தான், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்" என்று முன்பின் தெரியாத ஒருவர் உங்களை மே சோட்டுக்கு வண்டி ஏற்றினால், ஏறாதீர்கள்.

பாடாங் பெசாரில் என்ன நடக்கும்? முதல் தடவை போகிறேன்.

தடுமாற இடமில்லாத ஊர். ஹாட் யாய் ரயில் நிலையத்திலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என ஷட்டில் ரயில் போகும். டிக்கெட் நூறு பாட்டுக்குள். பாங்காக்கிலிருந்து வருபவர்கள் சாயங்காலம் கிளம்பும் படுக்கை ரயிலில் ஏறினால் காலையில் நேராக பாடாங் பெசாரிலேயே இறங்கலாம்.

அழகு என்னவென்றால், தாய்லாந்து கவுன்ட்டரும் மலேசியா கவுன்ட்டரும் ஒரே ரயில் நிலையக் கட்டடத்துக்குள் இருக்கின்றன. இறங்கி, வரிசையில் நின்று, தாய்லாந்திலிருந்து வெளியேறும் முத்திரை. பத்தடி தள்ளி மலேசியாவில் நுழையும் முத்திரை. பையை ஸ்கேனரில் விட்டு எடுத்தால் மலேசியா. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். திரும்பும் ரயிலைத் தவறவிடுபவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்தான், ஏனென்றால் நிலையத்தில் மலேசிய நேரத்தையும் தாய்லாந்து நேரத்தையும் கலந்துதான் பேசுவார்கள். மாடியில் சாப்பாட்டுக் கடை உண்டு. தே தாரிக் (மலேசிய ஆற்றிய டீ) ஒன்று குடிக்க நேரம் இருக்கும், பாட் நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள்.

திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக. தாய்லாந்து அதிகாரியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். இ-விசா என்றால் அச்செடுத்த தாளை உள்ளே வைத்துக் கொடுங்கள். வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தியன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விசா இல்லாத நுழைவு முத்திரையைக் குத்திவிடுவார்கள்.

முத்திரை விழுந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். தேதியைப் படியுங்கள். 90 நாளா, 180 நாளா, எந்த வகை விசா என்று குறித்திருக்கிறார்கள், எல்லாம் பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே, அப்போதே சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

போன அன்றைக்கே திரும்பலாமா, ஒரு ராத்திரி தங்க வேண்டுமா?

செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி விசா இருந்தால் அன்றைக்கே திரும்பக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் எல்லை அதிகாரிக்கு அவர் வாசலில் அதிகாரம் அதிகம். போய் வந்த உடனே திரும்புகிறவர்களை, ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு வா என்று அனுப்பியதும் உண்டு. நேரம் இருக்கிறவர்களுக்கு என் யோசனை: பாடாங் பெசாரிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி, வாழை இலையில் சாப்பிட்டு, மறுநாள் திரும்புங்கள். கூடுதல் செலவு ஒரு லாட்ஜ் அறைக்கு மட்டும்தான், பாஸ்போர்ட்டிலும் அது ஒரு நிஜமான பயணமாகத் தெரியும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆறு மாதமாவது செல்லும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்கும் பாஸ்போர்ட். விசாவின் அச்சுப் பிரதி. தங்கும் முகவரி. தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை: 2025 மே 1 முதல் ஒவ்வொரு நுழைவுக்கும் கட்டாயம், அரை நாள் வெளியே போய் வந்தாலும் புதிதாக நிரப்ப வேண்டும். வருவதற்கு மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி.

அப்புறம் ரொக்கம். விசா இல்லாமலோ சுற்றுலா விசாவிலோ வருகிறவர்களிடம் ஆளுக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000 பாட் காட்டச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பேங்க் ஆப்பைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள், நோட்டாகவே வேண்டும். எல்லாரிடமும் கேட்பதில்லை, கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

முத்திரையில் உள்ள கடைசி நாளன்றே போனால் போதும்தானே?

சட்டப்படி போதும். நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான், ஜனவரி பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு. அந்த நாட்களில் மலேசியக்காரர்கள் காரில் ஹாட் யாய்க்குப் படையெடுப்பார்கள், சடாவில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கி, வந்தவர்கள் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். நவம்பர், டிசம்பர் அங்கே மழைக்காலம். ஒரு வாரம் முன்னாடியே போய் வந்துவிடுங்கள். இழப்பது ஏழு நாள், அவ்வளவுதானே.

ஒரு நாள், இரண்டு நாள் தாண்டிவிட்டால்?

நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. ஓரிரு நாள் என்றால் எல்லையிலேயே கட்டிவிட்டுப் போகலாம், பாஸ்போர்ட்டில் பதிவாகும். பணத்தைவிடப் பெரியது தடை. 2016 மார்ச் 20 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 90 நாளுக்கு மேல் ஓவர்ஸ்டே ஆகித் தானாக முன்வந்து வெளியேறினால் ஒரு வருடத் தடை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் மூன்று வருடம், அப்படியே ஏறி பத்து வருடம் வரை போகும். தானாக வராமல் போலீஸ் கையில் பிடிபட்டால் கணக்கு வேறு: ஒரே நாள் தாண்டியிருந்தாலும் ஐந்து வருடத் தடை வரலாம். தாண்டிவிட்டது என்று தெரிந்தால் ஊர் சுற்றாமல் நேராக எல்லைக்கோ விமான நிலையத்துக்கோ போங்கள்.

"நீங்க வர வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்க, முத்திரை குத்திக் கொண்டு வந்து தர்றேன்" என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. ஆள் தாண்டாமல் முத்திரை மட்டும் தாண்டுவது குற்றம். பெரும்பாலும் அந்த முத்திரையே போலியாக இருக்கும். அடுத்த முறை கம்ப்யூட்டரில் உங்கள் பயணப் பதிவு இல்லாதபோது மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, நீங்கள். உங்களோடு வந்து வரிசையில் நிற்க உதவும் மினி வேன் கம்பெனிகள் வேறு, அவற்றில் தப்பில்லை. பாஸ்போர்ட்டுக்குள் பணத்தை வைத்துக் கொடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விசா முடியப் போகிறது. கடைசியாக ஒரு முறை நுழைந்துகொள்ளலாமா?

தாராளமாக. டிசம்பர் 31 வரை செல்லும் மல்டிபிள் என்ட்ரி நான்-ஓ இருந்தால், டிசம்பர் 28-இல் ஒரு முறை வெளியே போய் உள்ளே வாருங்கள். மார்ச் 27 வரை தங்க நாள் கிடைக்கும். ஒரு வருட விசா இப்படித்தான் கிட்டத்தட்ட பதினைந்து மாதமாகிறது. ஆனால் அந்தக் கடைசி 90 நாளுக்குள் வெளியே போனால், விசா ஏற்கெனவே முடிந்திருக்கும் என்பதால், மிச்ச நாட்களைக் காப்பாற்ற ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும். அதுவும் மிச்ச நாட்களைத்தான் காக்கும், புதிய 90 தராது.

90 நாள் ரிப்போர்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. நாட்டுக்குள் தொடர்ந்து 90 நாள் இருந்துவிட்டால், இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று டி.எம்.47 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே போய் வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதனால் 90 நாளுக்குள் எல்லை தாண்டுகிறவர்களுக்கு இந்த வேலையே வராது. டிடிவியில் 180 நாள் இருப்பவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள். 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம், தாண்டினால் 2,000 பாட் அபராதம். வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் தெரிவிக்கும் டி.எம்.30 பதிவைச் செய்திருக்கிறாரா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எல்லை தாண்டி வந்த நாட்களில் இங்கே வேலை செய்யலாமா?

தங்கும் உரிமை வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. ஒர்க் பெர்மிட் இல்லாமல் தாய்லாந்து முதலாளியிடம் சம்பளம் வாங்கக் கூடாது.

எல்லைக்குப் போவதற்குப் பதில் ஊருக்கே போய் வந்தால்?

அதுவும் கணக்கில் சேரும். எந்த நாடு என்று சட்டம் பார்ப்பதில்லை, வெளியே போனீர்களா என்பதுதான். சென்னைக்கு நேரடி விமானம் மூன்றரை மணி நேரம். பாங்காக்கிலிருந்து ஹாட் யாய்க்கு ஒரு ராத்திரி ரயிலில் போய் வருவதை, சீக்கிரமே எடுத்த விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தேதி ஒத்துவந்தால் நான் விமானத்தைத்தான் சொல்வேன். இலங்கைக்காரர்களுக்குக் கொழும்பு.

திரும்பி வரும்போது உள்ளே விடவில்லை என்றால் என்ன செய்வது?

குரலை உயர்த்தாதீர்கள், தாய்லாந்தில் அது எந்தக் கதவையும் திறக்காது. என்ன காரணம் என்று கேளுங்கள். ரொக்கம் இல்லை, வருகை அட்டை இல்லை என்பது போன்ற காரணமென்றால் சரிசெய்துகொண்டு அன்றைக்கே மறுபடி வரலாம். அடிக்கடி வருகிறாய் என்பது காரணமென்றால், அதே வாசலில் மறுநாள் முயல்வதில் பலனில்லை. மலேசியாவுக்குள் திரும்பிப் போய், முறையான விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பினாங்கில் தாய்லாந்து துணைத் தூதரகம் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் விண்ணப்பம் இ-விசா தளத்தில்தான், விண்ணப்பிக்கும்போது நீங்கள் அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும். மலேசியா கொடுத்த 30 நாள் இதற்குப் போதும். விசா கைக்கு வந்ததும் தரைவழியாகத் திரும்பாமல் பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் பாங்காக் வாருங்கள். அதற்குள் தாய்லாந்து வீட்டு வாடகைத் தேதி வந்துவிடும், வீட்டுக்காரருக்கு லைன் ஆப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.